எண்சுவடியும் வாணிகக் கல்வியும்: காட்டுப்பள்ளிக் கரையை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

தொடக்கப் பள்ளியிற் பயிலும் சிறார்க்கு வாணிகத்தின் அடிப்படைகளைக் கற்பித்தல் வேண்டும் என்னும் கருத்து அண்மைக் காலத்தே பல நாடுகளிலும் வலியுறுத்தப்படுகின்றது. முதல், செலவு, ஊதியம், சேமிப்பு, கடன் என்பனவற்றின் இயல்பை இளமையிலேயே உணர்ந்தோர் பிற்காலத்துத் தம் தொழிலைத் தாமே நடத்தும் திறனுடையர் ஆவர் என்பது இக்கருத்துடையார் கூற்று. இதனை மேலைநாட்டினின்றும் வந்த புதுமை எனக் கொண்டு வரவேற்பாரும் உளர். அக்காரணம் பற்றியே வெறுத்து ஒதுக்குவாரும் உளர். இரு சாராரும் ஒன்றனை நோக்கிலர். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிற் சிறுவர் ஓதிய எண்சுவடி, பெரும்பகுதி வாணிகக் கல்வியே ஆகும். அக்கல்வியின் இயல்பு யாது, அதன் நிறைகுறைகள் யாவை, அது மறைந்தமையால் நேர்ந்த இழப்பு யாது, இன்றைய தொடக்கப் பள்ளி அதனிடமிருந்து கொள்ளத்தக்கது யாது என்னும் நான்கினையும் ஈண்டு ஆராய்வாம். ஆய்வுக்குரிய நிலைக்களமாகப் பழவேற்காட்டு ஏரியை அடுத்த மீனவர் குப்பங்களை, சிறப்பாகக் காட்டுப்பள்ளியை, எடுத்துக்கொள்கின்றோம்.

ஊரும் பெயரும்

காட்டுப்பள்ளி என்னும் பெயர் கேட்டவுடன், தேவாரப் பாடல் பெற்ற திருக்காட்டுப்பள்ளிகள் தமிழறிஞர் நினைவுக்கு வரும். அவை சோழநாட்டு ஊர்கள். ஈண்டுக் குறிக்கப்பெறும் காட்டுப்பள்ளி, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், எண்ணூருக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் உப்பங்கழியும் சூழ அமைந்த மணல்மேட்டு நிலம். இதற்கு வடக்கே விரிந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது. தமிழ்நாட்டிலும் ஆந்திர நாட்டிலுமாகப் பரந்து கிடப்பது.

பள்ளி என்னும் சொல் உறைவிடம், சிற்றூர், துயிலிடம், சமணமுனிவர் உறையுள், கல்விக்கூடம் எனப் பல பொருள் தரும். முனிவர் உறையுளிற் கல்வி பயிற்றப்பட்டமையாற் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் ஆயிற்று என்பர். காட்டுப்பள்ளியில் நிற்கும் 'பள்ளி' சிற்றூர் என்னும் பொருளதே. ஆயினும், ஊரே பள்ளியாக அமைதல் கூடுமோ என்னும் வினாவை இப்பெயர் நம்மிடம் எழுப்புகின்றது. இக்கட்டுரையின் முடிவு அவ்வினாவிற்கு ஒருவாறு விடையாகும்.

இக்கரை வாணிகத்துக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டிற் பழவேற்காட்டில் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690ஆம் ஆண்டினை ஒட்டித் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்துக்கு அதுவே தலைமை இடமாயிற்று. இங்கு நெய்வித்து ஏற்றிய துணி கீழ்த்திசைத் தீவுகளிற் சென்று மணப்பொருள்களுக்கு மாறாயிற்று. கோட்டையில் நாணயச் சாலையும் இருந்தது. இன்றோ, காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு முதற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், 2013ஆம் ஆண்டு முதற் பெருந்துறைமுகமும் இயங்குகின்றன. துறைமுகப் பணிக்காகக் குப்பத்து மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். துறைமுகத்தை மேலும் விரிவாக்கும் திட்டத்தை மீனவர் எதிர்த்துப் போராடியதும் நாடறிந்த செய்தி. நானூறு ஆண்டுகளாக உலக வாணிகம் தம் வாயிலில் நடப்பதைக் கண்டுவரும் மக்களின் குழந்தைகளுக்கு அவ்வாணிகத்தின் எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்படுகின்றனவா என்பதே நாம் எழுப்பும் வினா.

இலக்கியம் காட்டும் வாணிகச் சொற்கள்

கற்பித்தலுக்கு முதற்கண் வேண்டுவது சொல். வாணிக அடிப்படைகளைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பண்டே நிறைந்துள்ளன. திருக்குறள் ஒன்றனை மட்டும் நோக்கினும் போதும். 'முதல்', 'ஊதியம்' என்னும் இரண்டும் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் உவமையாக எதிர்நிறுத்தப்படுகின்றன. வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கைம்முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது தெரிந்துசெயல்வகை. வருவாய் சிறிதாயினும் செலவு அதனின் மிகாதாயிற் கேடில்லை என்பது வலியறிதல். ஆண்டு வருவாய்க்கு 'ஆகாறு' என்றும் செலவுக்குப் 'போகாறு' என்றும் பெயர். பொருள் வந்து செல்லும் வழியை ஆறு எனக் கூறியது நீர்நிலை சார்ந்த மக்களுக்கு எளிதில் விளங்கும் உருவகமாகும். கழியின் முகத்துவாரம் அடைபட்டால் ஏரி என்னாகும் என்பதனைப் பழவேற்காட்டுச் சிறுவனுக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை.

பண்டமாற்றினைப் பாடும் சங்கச் செய்யுட்களிற் பெண்டிரே பெரிதும் வாணிகம் செய்தல் கருதத்தக்கது. அகநானூற்று 140ஆம் பாட்டில் உமணர் மகள் நெல்லுக்கு உப்பு மாறுதலைச் சேரியிற் கூவிச் செல்கின்றாள். ஐங்குறுநூற்று மருதப் பகுதியிற் பாண்மகள் மீன் கொடுத்து நெல் பெறுகின்றாள். இன்றும் கரையில் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையிற் சுமந்து ஊர்தோறும் விற்போர் பெரும்பாலும் மீனவ மகளிரே. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுங்கால், கொள்வதிலும் கொடுப்பதிலும் அளவு பிறழாத நடுவுநிலையையே அவர்தம் சிறப்பாகக் கூறுகின்றது. திருவள்ளுவரும் வாணிகத்தின் அறத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். ஆகவே, தமிழ்மரபில் வாணிகக் கல்வி என்பது பொருள் ஈட்டும் சூழ்ச்சியைக் கற்பித்தல் அன்று. அளவையைக் கற்பித்தல் என்பது பெறப்படும்.

திண்ணைப் பள்ளியும் எண்சுவடியும்

இவ்வளவைக் கல்வியைச் சிறுவர்க்கு வழங்கிய இடம் திண்ணைப் பள்ளி. 1822ஆம் ஆண்டிற் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ நாட்டுக் கல்வியின் நிலையை அறியுமாறு மாவட்டத் தலைவர்களைப் பணித்தார். 1826ஆம் ஆண்டில் அவர் வரைந்த குறிப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். இவ்வெண்ணிக்கையுட் பெண்கள் 4,540 பேரே. சார்லசு கோவர் என்பார் சென்னைத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை ஒன்று 1873ஆம் ஆண்டில் வெளிவந்தது. உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் அப்பள்ளிகளின் நடைமுறையைத் தாம் கண்டவாறே கூறியுள்ளார். அண்மையிற் செந்தில்பாபு அவர்கள் சுவடிகளை ஆராய்ந்து, தென்னாட்டு எண்ணறிவும் சமுதாயமும் பற்றி 2022ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டுள்ளார். இவற்றால் அக்கல்வியின் அமைப்பு ஒருவாறு தெளிவாகின்றது.

மாணாக்கன் முதலில் மணலில் விரலால் எழுதினான். பின்னர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினான். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு ஓதுவித்தான். எழும்பூரிற் பணியாற்றிய ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூல் எழுதிப் பரப்பினார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அஃது இங்கிலாந்து நாட்டுப் பள்ளிகளிற் கையாளப்பட்டது.

எழுத்துக்கு இணையாக எண் கற்பிக்கப்பட்டது. எண்ணுக்கெனப் பயின்ற சுவடிகளுட் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்பன குறிப்பிடத்தக்கன. இப்பெயர்களே பொருளை விளக்குவன. பொன்னிலக்கம் பொன்னை ஒட்டியது. நெல்லிலக்கம் நெல்லை ஒட்டியது. குழிமாத்து நிலத்தை ஒட்டியது. பொருளினின்று பிரித்த வெற்றெண் இவண் முதலிடம் பெறவில்லை. சிறுவன் எண்ணைக் கற்றபோதே பொன், நெல், நிலம் என்னும் மூன்றன் அளவையையும் கற்றான்.

நெல்லிலக்கத்தின் அமைப்பை நோக்குவோம். 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். இவ்வாய்பாட்டின்படி ஒரு நாழியில் 14,400 நெல் அடங்கும். ஒரு கலத்தில் 96 நாழி அடங்கும். கையில் எடுத்து எண்ணத்தகும் ஒரு நெல்மணியிற் தொடங்கி வண்டியில் ஏற்றத்தகும் கலம் வரை ஒரே தொடராக அமைந்திருத்தல் இதன் சிறப்பு. சிறுவன் தன் வீட்டிற் காணும் படியும் மரக்காலும் இத்தொடரில் இடம்பெற்றன.

சிற்றிலக்கங்களும் இவ்வாறே. முந்திரி 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. மா 20இல் ஒரு பங்கு. வீசம் என்னும் மாகாணி 16இல் ஒரு பங்கு. அதன் மேல் அரைக்கால், கால், அரை, முக்கால். இவை அனைத்தும் கடைத்தெருவில் வழங்கிய சொற்கள். உரூபாய்க்கு 16 அணா என்னும் கணக்கு வந்தபோது ஓர் அணா ஒரு வீசத்தோடு இயல்பாகப் பொருந்திற்று. பங்கு பிரித்தல், வட்டி காணல், விலை மாறுதல் என்பனவற்றுக்கு இவ்வாய்பாடுகளே கருவி. இவற்றை முற்றக் கற்றவன் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்களின் கணக்குகளை எதிர்கொண்டான்.

பட்டறிவோடு இணைந்த வாணிகப் பயிற்சிக்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் வழக்கம் சிறந்த சான்று. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் அவர் நடத்திய கடைகளிற் சிறுவன் முதலிற் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பின்னர் அடுத்தாள் ஆவான். அதன்பின் மேலாள் ஆவான். பேரேடு எழுதலும், வட்டி கணக்கிடலும், ஐந்தொகை எடுத்தலும் அவன் படிப்படியே கைவரப் பெறுவான். திண்ணைப் பள்ளியில் ஓதிய வாய்பாடு பெட்டியடியில் உயிர் பெற்றது எனலாம்.

குறைகளும் மறைவும்

இக்கல்வியைப் போற்றுவோர் இதன் குறைகளையும் கூறுதல் கடன். முதலாவது, ஓதுதலே மிக்கு உணர்தல் குறைந்திருந்தது; பிழைத்தவன் பிரம்படி பட்டான். இரண்டாவது, பெண்மக்களுக்கு இதிற் பெரிதும் இடமில்லை; மேற்காட்டிய எண்ணிக்கையே சான்று. மூன்றாவது, தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்டோரின் பிள்ளைகட்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாதாயிற்று. வாணிகக் கணக்கு உடையவர்பால் ஓலையாகவும், இல்லாதவர்பாற் கடனாகவும் நின்றது. எழுதத் தெரிந்தவன் எழுதிய கணக்கை எழுதத் தெரியாதவன் நம்ப வேண்டியதாயிற்று. இதுவே யாம் மிக அழுத்திக் கூற விரும்பும் குறை.

அச்சிட்ட பாடநூலும் அரசினர் தேர்வும் பரவியபோது திண்ணைப் பள்ளி தேய்ந்தது. 1956ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டத்தாலும், 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பதின்ம நாணயத்தாலும், வீசமும் காணியும் வழக்கொழிந்தன. பதின்ம முறை எளியது. நாட்டுக்கு நன்மை தந்தது. அதனை நொந்து பயனில்லை. ஆயின், அளவை மாறியபோது அளவையோடு ஒட்டியிருந்த ஒரு கல்விமுறையும் உடன் கழிந்தது. நெல்லிலிருந்தும் பொன்னிலிருந்தும் பிரிந்த எண் பாடநூலுள் தனித்து நின்றது.

இரு கணக்கு

இப்பிரிவினால் விளைந்தது யாது என்பதனை அயல்நாட்டு ஆய்வொன்று தெளிவாகக் காட்டுகின்றது. பிரேசில் நாட்டு ரெசீபே நகரத் தெருக்களிற் பண்டம் விற்ற ஐந்து சிறார்களை மூன்று அறிஞர் ஆராய்ந்து 1985ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். அச்சிறார் 9 முதல் 15 வரை அகவையினர். கடையிற் கேட்ட கணக்குகளில் அவர்கள் நூற்றுக்கு 98 பங்கு சரியாக விடை கூறினர். அதே கணக்கைப் பள்ளி முறையில் வெற்றெண்ணாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 பங்கே சரியாயிற்று. ஒரு தேங்காய் 35 எனில் 10 தேங்காய் என்ன விலை என வினவியபோது, ஒரு சிறுவன் மூன்று தேங்காய்க்கு 105 எனத் தொடங்கி மும்மூன்றாகக் கூட்டிச் சென்று 350 என்றான். பத்தாற் பெருக்கச் சுழியைச் சேர்க்கும் பள்ளி வழியை அவன் நாடவில்லை. தனக்கு ஐயமற விளங்கிய வழியையே கொண்டான்.

இந்திய நாட்டிலும் இதனை ஒத்த முடிவே கிடைத்தது. கொல்கத்தா, தில்லி நகரச் சந்தைகளில் வேலை செய்யும் சிறார் ஆயிரவர்க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, அபிசித்து பானர்சி, எசுதர் துப்லோ முதலிய அறிஞர் 2025ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். சந்தைச் சிறார் கடைக் கணக்கில் வல்லராய்ப் பள்ளிக் கணக்கில் இடர்ப்பட்டனர். பள்ளிச் சிறாரோ ஏட்டுக் கணக்கிற் சிறந்து கடைக் கணக்கிற் தடுமாறினர். ஓரிடத்திற் பெற்ற அறிவு மற்றோரிடத்துக்குத் தானே செல்வதன்று என்பது இதனால் விளங்கும். இரண்டனையும் இணைக்கும் பாலம் கற்பித்தலால் அமைக்கப்படல் வேண்டும். எண்சுவடியின் நெல்லிலக்கம் அத்தகைய பாலமாகவே இருந்தது என்பது எம் துணிபு.

ஏரிக்கரையின் வாணிகம்

இனி, பழவேற்காட்டுக் கரையின் வாணிக அமைப்பு யாது என நோக்குவோம். அதன் தலையாய கூறு பாட்டுமுறை. 'பாடு' என்பது உழைப்பு, பங்கு, இடம் எனப் பொருள்படும் பழஞ்சொல். மீன் அகப்படுதலை 'மீன்பாடு' என்பது கடற்கரை வழக்கு. ஏரியில் மீன்பிடித்தற்குரிய இடங்களை வகுத்து, உரிமையுடைய குடும்பத்தார் சீட்டினாலும் முறைமாற்றினாலும் அவ்விடங்களைப் பகிர்ந்துகொள்வதே பாட்டுமுறை. நல்ல இடம் எப்பொழுதும் ஒருவர்க்கே உரியதாகாது. மெலிந்த இடமும் ஒருவர்க்கே நிலையாது. இன்று வளமான இடம் பெற்றவர் நாளை வேறிடம் செல்வர். முறைதவறின் ஊர்க்கூட்டம் தண்டம் விதிக்கும். பொதுவளத்தை அழியாமற் பகிர்தல் என்னும் பொருளியல் உண்மை இதில் அடங்கியுள்ளது. இவ்வுரிமை குலம் பற்றியும் ஆடவர் பற்றியும் வரையறுக்கப்பட்டிருத்தலும், புறத்தே நிற்கும் மீனவர் அதனைக் குறைகூறலும் மறைத்தற்குரியன அல்ல.

இரண்டாவது கூறு பங்கு. பிடித்த மீனை விற்ற தொகையிற் செலவு நீக்கி, எஞ்சியதனைப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு எனப் பிரிப்பர். விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை வேறுபடும். மூன்றாவது கூறு ஏலம். கரையில் இறாலும் நண்டும் மடவையும் கூறப்பட்டு, கேட்போர் மிகுந்தால் ஏறியும் குறைந்தால் இறங்கியும் விலைப்படும். நான்காவது கூறு கடன். வாணிகர்பால் முன்பணம் பெற்ற படகுக்காரர் அவர்க்கே மீன் கொடுக்கக் கடமைப்படுவர்; விலைபேசும் உரிமை அவ்வளவிற் சுருங்கும். மீன் விற்கும் மகளிர் கூடை எடுக்கத் தண்டற் கடன் பெறுவதும் கடற்கரையில் வழக்கம்.

பங்கும், ஏலமும், முன்பணமும், வட்டியும் நாள்தோறும் நடக்கும் கரையில் வாழும் சிறுவன், பள்ளியுட் புகுந்தவுடன் பழமும் பென்சிலும் பற்றிய கணக்கையே காண்கின்றான். தன் தாய் மனத்தாற் போடும் கணக்கும் தன் ஏட்டிலுள்ள கணக்கும் ஒன்றே என்பதனை அவனுக்கு எவரும் உணர்த்துவதில்லை.

பாடம் அமையும் முறை

2022ஆம் ஆண்டு சூன் திங்களில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில், தமிழ்நாட்டரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்க வகுப்பினர்க்கு எண்ணறிவும் எழுத்தறிவும் உறுதிப்படுதல் அதன் நோக்கம். அந்நோக்கத்தோடு முரணாமலும், பாடச்சுமை கூட்டாமலும், கணக்குப் பாடத்தின் உள்ளேயே வாணிக அடிப்படைகளை அமைத்தல் இயலும். அதற்கொரு வரைவை ஈண்டுத் தருகின்றோம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக யாம் கற்பித்துக்கொண்டன.

முதலிரு வகுப்புகளில் எண்ணலும் அளத்தலும் போதும். சிப்பி, கிளிஞ்சல் கொண்டு எண்ணுதல், தராசிற் கிலோவும் அரைக்கிலோவும் நிறுத்தல், நாணயம் மாற்றல் என்பன நெல்லிலக்கத்தின் இக்கால வடிவமாகும். அளவு குறையாமல் நிறுத்தலே முதற் பாடம்; நடுவுநிலைமை ஈண்டு அறவுரையாக அன்றிச் செயலாகவே கற்பிக்கப்படும்.

மூன்றாம் வகுப்பில் முதலும் ஊதியமும். ஒரு பெண் 1,200 உரூபாய்க்கு ஒரு கூடை மீன் எடுக்கின்றாள். பனிக்கட்டிக்கு 60, வண்டிக் கூலிக்கு 80 செலவாகின்றன. மீனை 1,600க்கு விற்கின்றாள். கையில் 1,600 இருத்தலால் அவள் ஈட்டியது 1,600 எனச் சிறுவன் முதலிற் கூறுவான். கூடை விலையைக் கழித்து 400 என அடுத்துக் கூறுவான். செலவு அனைத்தும் 1,340 எனக் கண்டபின் 260 என்னும் விடைக்கு வருவான். இம்மூன்று விடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே வாணிகக் கல்வியின் தொடக்கம்.

நான்காம் வகுப்பிற் பேணலும் பங்கும். மேற்கூறிய 260இல் 100 கடன் தவணைக்கும் 160 வீட்டுச் செலவுக்கும் போயின், நாளைக் கூடைக்கு 1,200 குறையாமல் நிற்கும். வீட்டுக்கு 200 எடுத்தால் முதல் 1,160 ஆகச் சுருங்கும். மறுநாட் கூடையும் சுருங்கும். முதலை இழக்கும் செயல் பற்றி வள்ளுவர் கூறியது இப்போது சிறுவனுக்கு உரையின்றியே விளங்கும். பங்குக் கணக்கும் இவ்வகுப்பிற்கு உரியது. ஒரு படகின் மீன் 6,000க்கு விலைப்பட்டு, எரிபொருட்கும் பனிக்கட்டிக்கும் 1,500 போயின் எஞ்சுவது 4,500. படகுக்கும் வலைக்கும் இரண்டு, ஆள் மூவர்க்கும் ஒவ்வொன்று என ஐந்து பங்காயின், ஒரு பங்கு 900. வலை கிழிந்தால் அதன் செலவு யார் பங்கினின்று வருதல் தகும் என ஆசிரியர் வினவலாம். அவ்வினாவிற்கு ஒரே விடை இல்லை; வகுப்பு முழுதும் வழக்காடும். அவ்வழக்காடலும் கல்வியே.

ஐந்தாம் வகுப்பில் வட்டி. ஒருவர்க்கு 10,000 கடன் என எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 தருகின்றனர்; நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாளில் அடைத்தல் வேண்டும் எனக் கொள்வோம். பத்துக்குப் பத்தாக நூறு கட்டம் வரைந்து, நாளுக்கு ஒரு கட்டமாக மாணாக்கர் வண்ணம் தீட்டிச் செல்க. ஐம்பதாம் நாளிற் பாதிக் கட்டம் நிறைந்துவிடும். 9,000 முழுவதும் நூறு நாள் அவர் கையில் இல்லை. நாள்தோறும் குறைந்துகொண்டே வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். 'ஆயிரந்தானே' எனத் தோன்றிய வட்டி, ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்படும் என்பதனை ஆசிரியர் அதன்பின் கூறலாம். மிகைவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. கணக்கறியாதார்க்குச் சட்டம் இருந்தும் பயன்படாது. எது மிகை என அளந்தறியும் அறிவே அதனைப் பயன்படுத்தும் முதற்படி.

இவ்விடத்து ஒன்று எச்சரித்தல் வேண்டும். எக்காரணத்தாலும் ஒரு குழந்தையின் வீட்டுக் கடனை வகுப்பில் வினவுதல் ஆகாது. கற்பித்துக்கொண்ட கணக்கே போதும். குழந்தை தன் வீட்டுக் கணக்கைத் தானே வீட்டிற் பொருத்திப் பார்த்துக்கொள்ளும். ஏழைமையை வெளிப்படுத்தி நாணச் செய்யும் கல்வி கல்வியாகாது.

மூன்று தடைகளும் விடையும்

இம்முறையை மறுப்போர் மூன்று தடை எழுப்புவர். இளங்குழந்தைக்கு இது சுமை என்பது முதற் தடை. ரெசீபே நகரத்து ஒன்பது அகவைச் சிறாரும், நெல்லிலக்கம் ஓதிய திண்ணைச் சிறாரும் இதற்கு விடையாவர். சுமையாவது பொருளற்ற எண்ணே.

பணப்பற்றினை வளர்க்கும் என்பது இரண்டாம் தடை. அளவையும் நடுவுநிலையும் முதற்பாடமாயின் இவ்வச்சம் வேண்டா. பகிர்தலையும் முறைமாற்றையும் அடிப்படையாகக் கொண்ட பாட்டுமுறையைக் கற்கும் குழந்தை, வாணிகம் என்பது பிறரை வெல்லுதல் மட்டுமன்று என்பதனையும் உடன்கற்கும்.

மூன்றாம் தடையே வலியது. மீனவர் குழந்தைக்கு மீன்கணக்கைக் கற்பித்தல் அக்குழந்தையைக் குலத்தொழிலிற் கட்டிவைத்தல் ஆகாதோ என்பது அது. இவ்வச்சம் வரலாற்றில் வேரூன்றியது. 1953ஆம் ஆண்டில் இராசாசி தலைமையிலான அரசு, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்திற் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என வகுத்த திட்டம், 'குலக்கல்வி' என மக்களாற் கண்டிக்கப்பட்டு, 1954ஆம் ஆண்டிற் காமராசர் ஆட்சியிற் கைவிடப்பட்டது. 1937ஆம் ஆண்டு வார்தாவிற் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும், கைத்தொழில் வருவாயாற் பள்ளியை நடத்தலாம் என்ற பகுதியால் ஐயத்துக்கு உள்ளாயிற்று.

யாம் கூறும் முறை இவற்றின் வேறாதல் காண்க. குலக்கல்வித் திட்டம் குழந்தையைப் பள்ளியினின்று தொழிலுக்கு அனுப்பியது. இம்முறை தொழிலின் கணக்கைப் பள்ளிக்குள் கொணர்கின்றது. அது கையைப் பயிற்றக் கருதியது. இது கணக்கைப் பயிற்றக் கருதுகின்றது. வலை வீசுதலைப் பள்ளி கற்பிக்க வேண்டுவதில்லை. வலையின் பங்கு நேரியதா, முன்பணத்தால் இழந்த விலை எவ்வளவு, துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாய்ச் செல்லுதலும் படகில் நிற்றலும் கடை வைத்தலும் எவ்வெவ் வருவாயும் இடரும் உடையன என எடைபோடும் அறிவே கற்பித்தற்குரியது. அவ்வறிவு பெற்றவன் கரையில் நிற்பதும் கரையை விட்டுச் செல்வதும் அவன் தேர்வாகும். அறியாதவனுக்குத் தேர்வே இல்லை. அன்றியும், இக்கணக்கு மீனவர் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. நகரத்துக் குழந்தையும் கூடைக்காரியின் 260ஐக் கணக்கிடுதல் வேண்டும். அதன்பின் அவளிடம் விலைகுறைத்துக் கேட்கும்போது தான் எதனைக் குறைக்கக் கேட்கின்றோம் என்பதனை அறியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றாற் பெறப்படுவன இவை. தொடக்கப் பள்ளியில் வாணிக அடிப்படை கற்பித்தல் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. எண்சுவடிக் கல்வி அதனையே செய்தது. வாழ்க்கைப் பொருளோடு எண்ணை இணைத்தது அதன் நிறை. அனைவர்க்கும் எட்டாதிருந்தது அதன் குறை. இன்றைய பள்ளி அனைவர்க்கும் எட்டியுள்ளது. ஆயின், பொருளோடு எண்ணை இணைப்பதில் திண்ணையினும் பின்தங்கியுள்ளது. இன்றைய பள்ளியின் பரப்பும் பழைய சுவடியின் ஆழமும் ஒன்றுசேர்தலே வேண்டுவது.

தமிழ்த்துறை மாணாக்கர்க்கும் இதிற் பணி உண்டு. கரையோர மக்களின் அளவைச் சொல், பங்குச் சொல், ஏலச் சொல், கடன் சொல் ஆகியன ஊர்தோறும் தொகுக்கப்படல் வேண்டும். அவற்றைக் கொண்டு தொடக்கப் பள்ளிக் கணக்குப் பாடங்கள் எளிய தமிழில் எழுதப்படல் வேண்டும். சொல்லாய்வும் கல்வியாய்வும் கைகோத்துச் செய்யவேண்டிய இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று. முதியோரோடு சொற்களும் மறைந்துகொண்டிருக்கின்றன. எழுதியவன் கணக்கை எழுதாதவன் நம்பியிருந்த காலம், கணக்கு எழுதுவோர் வீட்டுக்கு ஒருவர் ஆகும் நாளிலேயே முடியும். அந்நாளிற் காட்டுப்பள்ளியின் 'பள்ளி' இருபொருளும் ஒருங்கே பெறும்.